தொட்டிலில் உங்கப்பாவைத் தேடாதே

ஏற்காடு
8-12-1987

அன்பு மகன் மாரியப்பனுக்கு உன் அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அமுதாவும் இருமல் சளியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், சேர்வராயன் சாமி அந்த மட்டுக்கும் கண் திறந்து பார்த்திருக்கிறான். பம்பாயில் நீயும் மல்லிகாவும் பச்சைக் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை விட்டும் பனி விடவில்லை, காலையில் எதிரே வருகிற ஆள் தெரிவதில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற சமயம், முட்டி வலியோடு கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்க என்னால் முடியவில்லை என்று கணக்கு எழுதுகிற ரைட்டர் இரக்கப்பட்டு என்னைக் களத்தில் பழம் பொறுக்குகிற வேலைக்கு விட்டிருக்கிறார். எப்போதும் நான் சொல்லச் சொல்ல அமுதாதான் உனக்குக் கடிதம் எழுதுவாள். இந்தத் தடவை அவளிடம் எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைவீதி ஜாபர் அலி கடையில் வந்து உட்கார்ந்து அவர் வீட்டுக்காரி பரிதாவை எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் கோபத்தில் சொல்வதை அந்தப் பெண் பதமாக மாற்றி எழுதிவிடப் போகிறாள் என்று, சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பேரன் பிறந்த சேதி வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. களத்தில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. குழந்தைக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது, அப்பாவுக்கு இருந்த அதே இடம், அப்பாவேதான் வந்து பிறந்திருக்கிறார், அதனால் அவர் பெயரையே வைக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். கட்டின நாளிலிருந்து அந்தப் பெயரை என் வாயால் நான் சொன்னதில்லை, காளியப்பன் என்று இங்கே எழுதியது பரிதாதான். மச்சத்தைச் சொன்னாயே சாமி, உனக்கும் அதே இடத்தில் இருக்கிறது, மல்லிகாவை உன் முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல். நீ பிறந்தபோது உங்கப்பா குத்துக்கல்லாட்டம் உயிரோடு உட்கார்ந்திருந்தார். அப்போது யார் வந்து பிறந்ததாகச் சொல்வது? அப்பனுக்கு இருப்பது மகனுக்கும் பேரனுக்கும் வரும், அதற்கு ஒருத்தர் செத்துத் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று உனக்கே தெரியும், கருமாதிக்கு நீயும் வந்திருந்தாய். முந்தின நாள் உன் பெரியப்பா வேடியப்பன் சாம்பலைச் சலித்து, உங்கப்பா உயிர் பிரிந்த அறையில் பரப்பி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். போன உயிர் அடுத்து என்னவாகப் பிறக்குமோ அதன் தடம் விடிவதற்குள் சாம்பலில் விழும் என்று நம் ஆட்கள் பார்க்கிற வழக்கம். தோட்டத்துப் பெண்கள் என் காதுபடவே, மேஸ்திரி அட்டையாகத்தான் பிறப்பார், ஈரத்தில் கிடந்து நம் காலிலேயே ஏறுவார் என்று பேசிச் சிரித்தார்கள். மேஸ்திரியாக இருந்து உங்கப்பா அவர்களைப் படுத்தி வைத்த பாடு அப்படி. காலையில் கதவைத் திறந்தால் நடுச் சாம்பலில் ஒரு சின்னக் குழந்தையின் கால் தடம். ‘எந்தம்பி ஆம்பளப் புள்ளையா இந்த ஊட்டுலயே வந்து பொறக்கப் போறானுங்கோ’ என்று பெரியப்பா அழுதார், கூட்டமே அழுதது, நீயும் அழுதாய். நான் குனிந்து பார்த்தேன். மேனேஜர் வீட்டில் நான் வேலை செய்த காலத்தில் அந்த அம்மா கிருஷ்ண ஜெயந்திக்குக் கையை மடக்கி மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் மேலே ஐந்து புள்ளி வைத்துக் கிருஷ்ணன் பாதம் போடுவார், நானும் கூடப் போட்டிருக்கிறேன். அதே கைவேலைதான் சாம்பலில் இருந்தது. ‘ஏனுங்க மாமா, இது மடக்குன கையில ஒத்துனதுங்க’ என்று எல்லார் முன்னாலும் பெரியப்பாவிடம் சொன்னேன். ‘துக்கத்துல புத்தி பெரண்டு பேசறா, உள்ள கூட்டிட்டுப் போங்க’ என்று விரட்டிவிட்டார். தம்பி அட்டையாகிவிட்டான் என்று ஊர் பேசக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கு நீ பெரியப்பாவை நம்பினாய், என்னை நம்பவில்லை.

கர்மமும் மறுபிறப்பும் பொய் என்று சொல்ல நான் யார். பரிதாவைக் கேட்டால் அவர்களுக்கு ஒரே பிறவிதானாம், ஒரே விசாரணைதானாம், கொடுத்து வைத்தவர்கள். நமக்கு எத்தனை பிறவியோ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கப்பா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைத்தார் என்று கூட இருந்து பார்த்தவள் நான். அமுதாவுக்குப் பதினேழு வயதில் அந்த ஜீப் டிரைவரைப் பேசிக்கொண்டு வந்தார். குடிகாரன் என்று ஊருக்கே தெரியும். வேண்டாமுங்க என்று காலைப் பிடித்தேன். ‘அவ தலையில எழுதுனது அவளுக்கு நடக்கும், நீ யாரு குறுக்க நிக்க’ என்றார். எழுதியது பிரம்மனாகவே இருக்கட்டும், சாராயக் கடையில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது யார்? வருஷம் திரும்புவதற்குள் அந்த ஆள் குடித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை உருட்டிச் செத்தான். பிள்ளை வெறும் கழுத்தோடு வந்து வாசலில் நின்றபோது, ‘போன ஜென்மத்துல எவ தாலிய அறுத்தாளோ’ என்றார், பெற்ற அப்பன். மிஷன் டிஸ்பென்சரி சிஸ்டர் சாந்தாமேரி நம் வீடு தேடி வந்து, இவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்புங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். ‘பட வேண்டியத இந்த ஜென்மத்துலயே பட்டுத் தீர்த்துறட்டுங்க சிஸ்டர், இல்லீனா அடுத்ததுக்கும் தொடருமுங்க’ என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மாசமே அவருக்குப் பல் வலி வந்தது. பட்டுத் தீர்த்தாரா? விடிந்ததும் முதல் பஸ்ஸில் சேலம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மேஸ்திரி வேலை போனபோது அது மட்டும் ரைட்டர் செய்த சதி. அடுத்தவர் கஷ்டமெல்லாம் கர்மம், தன்னுடைய கஷ்டம் மட்டும் யாரோ செய்தது. இந்த மனுஷர் கண்ணை மூடின பிறகுதான் அமுதாவை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் டிஸ்பென்சரியில் விட்டேன். படிக்கிற வயது தாண்டிவிட்டது, ஆயா வேலைதான் கிடைத்தது. இன்றைக்குக் கரடியூர், வாழவந்திப் பக்கமிருந்து வலியெடுத்து வருகிறவர்கள் அமுதாக்கா இருக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அடுப்படியில் கிடந்து வீணாய்ப் போன வருஷங்களை அவள் தலையெழுத்து என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. அது உங்கப்பா செய்தது.

இப்போது நீயே யோசித்துச் சொல். தொட்டிலில் கிடப்பது அவர்தான் என்றால், அவர் செய்ததெல்லாம் அந்தப் பிஞ்சு கூடவே வந்திருக்க வேண்டும், அதுதானே நீங்கள் சொல்கிற கணக்கு. அமுதா பட்டதற்கும், அந்தத் தோட்டத்துப் பெண்கள் பட்டதற்கும் உன் பிள்ளை பட்டுத் தீர்க்க வேண்டும், சம்மதமா? நாளைக்கு அதற்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுவாயா, இல்லை பட்டுத் தீர்க்கட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா? மச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது கண்ணு. நான்தான் அங்கே வந்து என்ன செய்வது? குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சுவதா, இல்லை எழுந்து நின்று என்னங்க காப்பி வைக்கட்டுமா என்று கேட்பதா? பரிதா எழுதாமல் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனையும் கூட நான் பொறுத்துக்கொண்டு, பெயர் உன் இஷ்டம் என்று விட்டிருப்பேன். கடைசியில் ஒன்று எழுதினாய் பார், அதுதான். பெரியப்பா டிக்கெட் எடுத்துவிட்டார், நீ அவரோடு வந்துவிடு, பெயர் வைக்கிற அன்றைக்கு அக்கா வேண்டாம், அவள் கர்மம் அவளோடு இருக்கட்டும், அந்த நிழல் என் பிள்ளை மேல் விழ வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நம் வீட்டில் உன் கடிதத்தைப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். அது உனக்கு மறந்துவிட்டதா? இல்லை தெரிந்தேதான் எழுதினாயா? அவள் வேலையிலிருந்து வந்து, கால் கூடக் கழுவாமல், தம்பி கடுதாசி வந்திருக்குதா என்று ஆசையாய் வாங்கி விளக்கடியில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்துக் கூட விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? குரல் கூட மாறாமல் அந்த வரியையும் படித்து, கீழே இப்படிக்கு உன் அன்பு மகன் என்று இருந்ததையும் படித்து, மடித்து என் கையில் கொடுத்தாள். குழந்தைக்கு என்று தைத்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து வந்து என் பையில் வைத்துவிட்டு, ‘ரயில்ல போகையில போர்வை எடுத்துக்கம்மா, நொம்பக் குளுரும்’ என்றாள். உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கி வளர்த்தவள் அவள், நான் பழம் பறிக்கப் போய்விடுவேன், உனக்கு அம்மா யார் என்றே ரொம்ப நாள் தெரியாது. ஊரார் வீட்டுப் பிள்ளை பிறந்தால் முதலில் ஏந்துகிற கை அவளுடைய கை. எந்தப் பிள்ளை மேல் அவள் நிழல் விழுந்து எது கெட்டுப் போயிற்று, சொல்.

பெரியப்பாவிடம் என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். குதித்தார், குதிக்கட்டும். மாமனார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து அந்த வரியை எழுதினாயோ, நீயாகவே எழுதினாயோ எனக்குத் தெரியாது, எந்தச் சாமியும் உன் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, பேனாவைப் பிடித்தவன் நீ. உங்கப்பா மறுபடி பிறந்துவிட்டார் என்று எல்லாரும் தொட்டிலைக் காட்டுகிறீர்கள். அந்தக் குழந்தை பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது, அது புதுசாக வந்திருக்கிறது. உங்கப்பா உன் கடிதத்தில் வந்திருக்கிறார் கண்ணு. அமுதா வாயால் அந்த வரியைக் கேட்டபோது எனக்கு அவர் குரலே கேட்டது. அவர் மாறாமலே போய்ச் சேர்ந்தார். நீ உயிரோடு இருக்கிறாய், உன்னால் மாற முடியும், அதற்கு அடுத்த பிறவி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் போதும்க்கா, தம்பி மனசு உடைந்துவிடும் என்கிறாள் பரிதா. உடையட்டும், எழுது என்று சொல்லியிருக்கிறேன். மல்லிகா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பச்சை உடம்பில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க வேண்டாம், பூண்டு நிறையச் சேர்த்துச் சாப்பிடச் சொல். குழந்தைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். பேரன் தீர்க்காயுசாக, எந்தப் பழைய பாவமும் தெரியாமல் வளர வேண்டும், அவனுக்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. உனக்கும் உண்டு, பெற்ற வயிறு வேறென்ன செய்யும். நாங்கள் வந்தால் இரண்டு பேராக வருவோம், இல்லாவிட்டால் வரமாட்டோம். இதற்குப் பதில் எழுது. உன் பதிலையும் உன் அக்காதான் படிப்பாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

இப்படிக்கு,
உன்னையும் அமுதாவையும் ஒரே வயிற்றில் சுமந்த அம்மா,
பாவாயி