பொன்ராஜுக்கு நாற்பது வெண்பா

ஆதம்பாக்கம்,
3.2.2024

அன்பு ரூபீனா,

நலம்தானே? பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். அவர் போய் அடுத்த மாதம் ஒரு வருஷம். நினைவு நாளுக்குச் சின்னப் புத்தகம் அச்சடிக்க நாற்பது வெண்பா எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முன்னுரை நீதான் எழுத வேண்டும். ஒரு இடத்தில்கூடத் தளை தட்டாது.

ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் துணி அளந்த கை. தூக்கத்திலும் போர்வையை முழம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தப் போர்வையை நான் இன்னும் மடிக்கவில்லை.

உன்,
தங்கம்


கோட்டூர்புரம்,
9.2.2024

அன்புத் தங்கம்,

உன் வெண்பாக்களைப் பார்த்து வாயடைத்துப் போனேன். எங்கும் பிசிறில்லை. ஆனால் பொன்ராஜ் அண்ணனைத்தான் காணோம். 'வேந்தே' என்கிறாய், 'மலைத்தோள்' என்கிறாய். தி. நகர் கடையில் "வாங்க டீச்சரம்மா, டீ சொல்லட்டா?" என்று கேட்ட மனுஷன் எங்கே போனார்?

இதைத்தான் நான் கல்லூரியில் நடத்துகிறேன். இங்கிலாந்தில் ஒரு காலம், பழைய ரோமாபுரிக் கவிஞர்கள்தான் அளவுகோல். ஈரடி ஈரடியாக இழைப்பார்கள். மீனை மீன் என்று சொன்னால் மட்டம், 'செதில் அணிந்த கூட்டம்' என்பார்கள். அதிலும் அழகு உண்டு, அறிவு மின்னும். அப்புறம் ஒரு தலைமுறை வந்தது. ஆடு மேய்ப்பவனும் பிச்சைக்காரியும் கவிதைக்குள் வரட்டும், ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே வரட்டும், மனசில் பொங்குவதுதான் முதல் இலக்கணம் என்றது. விமர்சகர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். அவர்கள் அசரவில்லை. எத்தனை வருஷம் நடத்தினாலும் அந்தத் துணிச்சல் எனக்குப் புல்லரிக்கிறது.

போர்வையைப் பற்றி நீ எழுதியதை வகுப்பில் படித்துவிட்டேன். உன்னைக் கேட்காதது தப்புதான். மஹ்விஷ் என்றொரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வரிகளுக்கு முன்னுரை எழுதுவேன். வெண்பாக்களுக்கு என்னால் முடியாது.

பிரியமுள்ள,
ரூபீனா


ஆதம்பாக்கம்,
24.2.2024

ரூபீனா,

என் வீட்டுத் துக்கத்தை ஊருக்கு வாசித்தாயே, நன்றாக இருக்கிறதா? பத்து நாள் உன் பெயரைக் கேட்டாலே எரிச்சல்.

வெண்பா எழுதும்போது நான் அழவே இல்லை, தெரியுமா? அசையும் சீரும் எண்ணிக்கொண்டிருந்தால் மனசு வாயைத் திறக்காது. அதற்காகத்தான் நாற்பது எழுதினேன்.

நேற்று எண்ணாமல் எழுதிப் பார்த்தேன்:

கடைசி நாள் தண்ணீர் கேட்டார்.
கையில் பேனா, ஏதோ ஒரு வெண்பா.
இருங்க, ஈற்றடி அமையட்டும் என்றேன்.
அமைந்தது.
தண்ணீரோடு போனேன்.
அவர் குடிக்கவில்லை.

யாரிடமும் சொன்னதில்லை. நாற்பதையும் எடுத்துவிட்டேன், புத்தகத்தில் இது மட்டும்தான். பிள்ளைகள் படித்தால் படிக்கட்டும். முன்னுரையைச் சீக்கிரம் அனுப்பு, இல்லாவிட்டால் எனக்கு மனசு மாறிவிடும்.

தங்கம்