வளைவுக்கு மேலே இருந்த நரகம்

மார்ச் 3, 1957 – ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவில் சுவர் உதிர்ந்தது. முழுச் சுவர் இல்லை. பலிபீடத்துக்குப் போகும் பெரிய வளைவின் மேலே இருந்த சுண்ணாம்புப் பூச்சு, தேநீர்த் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து குருவானவர் லேதம் அவர்களின் காலடியில் விழுந்தது. குளிர்காலம் முழுக்கக் கூரை ஒழுகியதன் பலன். குருவானவர் உபவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தவே இல்லை. ஆனால் சபையார் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. பூச்சு விழுந்த இடத்தில் ஒரு சிவப்புக் கால் தெரிந்தது. விரல்களுக்குப் பதில் நகங்கள், கழுகுக்கு இருப்பதுபோல.

இந்த ஆலயத்தின் பொறுப்பாளராக எத்தனையோ வருஷம் இருந்துவிட்டேன். பிரசங்கத்தின்போது எல்லோரும் நிமிர்ந்து பார்த்து இன்றுதான் கண்டேன்.

மார்ச் 12

மறைமாவட்டம் அனுப்பிய நிபுணர் வந்தார். பெயர் வின்யார்ட். ஒல்லியான மனிதர், வாயில் புகைக்குழாய், கோட்டுப் பையில் அரைக் கேக். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு மேலே சுவர் முழுவதும் நியாயத்தீர்ப்பு நாள் ஓவியம் இருக்கிறதாம். பார்ப்பவருக்கு இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். ஐந்நூறு வருஷத்துக்கு முன் வரைந்தது. பிறகு வந்தவர்கள் படமே கூடாது என்று சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். வளைவுக்குக் கீழே தடுப்பாக நிற்கும் நம் மரத்திரையில் வரைந்த புனிதர்களின் முகத்தைச் சுரண்டியவர்களும் அவர்களேதான்.

தங்குவதற்கு அவருக்கு 'கலப்பை' மதுவிடுதிதான். ஊரில் வேறு இடம் கிடையாது. விடுதிக்காரி டோரா கெர்ரிட்ஜ் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பதினொரு வருஷத்துக்கு முன் அறுவடைப் பண்டிகைக்குக் காணிக்கையாக அவள் ஒரு பீப்பாய் பீரைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைத்தாள். நான் அதை முகப்பு மண்டபத்துக்கு உருட்டிவிட்டேன். இப்போதும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். மண்டபம் குளிர்ச்சியான இடமும்கூட.

ஏப்ரல் 2

சொர்க்கப் பக்கம் திறந்தாகிவிட்டது. சின்னக் கத்தியால் சுண்ணாம்பைச் சுரண்டி, பிறகு ரொட்டியின் மெத்தென்ற பகுதியை உருட்டி உருட்டி அழுக்கை எடுக்கிறார் வின்யார்ட். ரொட்டி டோரா கொடுப்பது. தினமும் கூடையில் கொண்டுவந்து ஏணியடியில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஊரே வந்து முகம் தேடுகிறது. மணியடிக்கும் கூட்டத்தின் தலைவர் சிட் போரெட், சாவியோடு நிற்கும் பேதுரு தன் சித்தப்பாவேதான் என்கிறார். அந்தச் சித்தப்பா கோழி திருடியவர். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு சொன்னதும் சேவல் கூவிற்றே, அவருக்கும் கோழிக்கும் சம்பந்தம் உண்டுதானே என்றார் சிட். 

ஏப்ரல் 9

சொர்க்கத்தில் நான் இல்லை. சும்மா ஒரு ஆர்வத்துக்குத்தான் பார்த்தேன்.

மே 7

இன்று ஓவியத்தின் வலப்பக்கத்தில் ஒரு பெண் வெளியே வந்தாள். பேய் அவளைக் கயிறு கட்டி இழுக்கிறது. உடம்பில் துணி இல்லை, தலையில் மட்டும் குல்லாய். ஒரு கையில் குவளை. அளவு குறைத்து ஊற்றிய மதுக்கடைக்காரியாம். இப்படிப்பட்ட ஓவியங்களில் அவள் இல்லாமல் இருக்க மாட்டாள் என்றார் வின்யார்ட்.

அதெல்லாம் சரி. ஆனால் அந்த உருண்டை முகம், கன்னத்துக் குழி, இரட்டைத் தாடை! இடுப்பைச் சாய்த்து நிற்கும் அந்த நிற்பு! கடை மூடும் நேரத்தில் குடிகாரர்களை வெளியே அனுப்பும்போது டோரா இப்படியேதான் நிற்பாள்.

 அந்த நேரம் பார்த்து டோரா ரொட்டிக் கூடையோடு உள்ளே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துச் சுவரில் திருவிருந்துப் பாத்திரம் கழுவும் பழைய கல் மாடத்தில் தூசு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மே 8

காலையில் வாசலில் வின்யார்ட், பெட்டியோடு. டோரா அவரை வெளியே அனுப்பிவிட்டாளாம். என் பின்னறையைக் கொடுத்திருக்கிறேன். திரைச்சீலை எல்லாம் இப்போதே புகையிலை நாற்றம்.

மே 12 – ஞாயிறு

மணி அடிக்கவில்லை. மணியடிப்பவர்கள் எல்லோரும் 'கலப்பை'யில் குடிப்பவர்கள். டோராவின் முகத்தை மூடும் வரை கயிற்றைத் தொட மாட்டோம் என்று சிட் வந்து சொன்னார், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே. "எனக்கொண்ணும் இல்லீங்க மிஸ். ஆனா ராத்திரி அவங்க மூஞ்சியிலதான நாங்க முழிக்கணும்."

ஆராதனை எப்போது தொடங்கிற்று என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. குருவானவர் கையால் ஆட்டும் சின்ன மணியை வாசலில் நின்று ஆட்டினார். பால்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் ஜாடியோடு வெளியே வந்தார்களாம்.

மே 20

சபைக் குழு ஆலயத்தில் கூடியது, ஊராரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓவியத்தை வைப்பதா, திரும்பவும் சுண்ணாம்பு அடிப்பதா? மறைமாவட்டம் நம் சபையின் விருப்பத்தைக் கேட்டிருக்கிறது. நான் எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். உண்மையை மறைக்க நமக்கு உரிமை இல்லை, ஒருவருடைய வீண் கௌரவத்துக்காக முன்னோர் தந்த பொக்கிஷத்தை அழிப்பதா, ஓர் ஓவியத்தில் தன் முகத்தைக் காண்பவர் தன் மனசாட்சியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். கடைசி வரிசையில் டோரா உட்கார்ந்திருந்தாள், பெஞ்சின் முனையில் செதுக்கிய குரங்கின் தலையை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

முழுவதும் திறந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று குருவானவர் ஒத்திவைத்தார். அவருக்கு எதையும் ஒத்திவைக்கப் பிடிக்கும்.

ஜூன் 4

மதுக்கடைக்காரி இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறாள். கை மட்டும்தான் வந்திருக்கிறது. எலும்பும் தோலுமான கை.

ஜூன் 5

வின்யார்ட் காலை உணவின்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டை நன்றாக வேகவில்லையோ?

ஜூன் 6

நான்தான்.

ஜூன் 7

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்த நீண்ட தாடை. கிளியின் மூக்கு. குல்லாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும், ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். முழங்கால்கூட என்னுடையதுதான், அதாவது எனக்கு மட்டும் தெரியும், கடவுளே.

டோராவைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நரகத்துக்குள் போகிறேன். ஒரு கையால் சுட்டிக் காட்டுகிறேன், மறு கையை அவள் பிடித்திருக்கிறாள். இது என்ன பாவம் என்று வின்யார்டைக் கேட்டேன். புகைக்குழாயைப் பற்றவைத்தார், அணைந்தது, திரும்பப் பற்றவைத்தார். "பெருமையா இருக்கலாம்," என்றார். "இல்லேன்னா... அடுத்தவங்க குத்தத்தைச் சொல்லிட்டுத் திரியறதா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது, மிஸ் க்ரிம்வேட்."

உறுதியா சொல்ல முடியாதாம். என் வீட்டு முட்டையைத் தின்னுட்டு!

ஜூன் 9 – ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் ஓவியத்தைத் திறந்து வைப்பதில் சில நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன. சுவர் ஈரம். கூரையில் செதுக்கியிருக்கும் மரத் தேவதைகளுக்குள் குடியிருக்கும் வௌவால்கள் எச்சமிடும். சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள். நிர்வாணம் வேறு.

இதெல்லாம் மே மாதமே எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 11

குருவானவர் வந்தார். அவருக்கு ஒரு யோசனை. ஓவியம் இருக்கட்டும், பொறுப்பாளர் என்ற முறையில் என் மரியாதையை முன்னிட்டு அந்த ஒரு உருவத்தின் மேல் மட்டும் சின்னத் திரை தொங்கவிடலாமாம். நல்ல யோசனை என்றேன். பச்சை வெல்வெட் துணி என்னிடம் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14

தோட்டத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். டோரா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

"உனக்கு மட்டும் திரை போடப் போறாங்களாமே, ஹில்டா."

அது குருவானவரின் யோசனை என்றேன்.

"போட்டா என்ன ஆகும் தெரியுமா? உன்னை மறைச்சிடும். ஆனா உன் கை வெளிய தெரியும், நான் பிடிச்சிருக்கேனே அது. வர்றவங்கல்லாம் அது யாரு கைன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடலாம், நீ கேட்டதும் அதுதானே என்றேன். அவள் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்பக் கேட்டேன். ஊரே பாக்க, நான் மட்டும் தனியா நின்னேன். அவமானமா இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு."

"நரகத்துல உக்காந்து என்னடீ பேசறது?"

"பீப்பாயைப் பத்திப் பேசலாம். அதுக்கே ஒரு யுகம் ஆகும்."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பட்டாணியைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது சொன்னாள்: "அந்தப் புகைக்குழாய்க்காரரை அனுப்பிவை. உன் வீட்டுச் சாப்பாட்டுல இளைச்சுட்டார்."

கிண்ணத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது.

ஜூன் 17

குழு. மூன்று பேர் வைக்கலாம் என்றார்கள், மூன்று பேர் மூடலாம் என்றார்கள். மூடச் சொன்னவர்களுக்கு நிர்வாணம்தான் பிரச்சினை. மீதி இருந்தது என் ஓட்டு. குருவானவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரை விஷயத்தை எடுத்தார். வெல்வெட் துணி என் மடியில்தான் இருந்தது, மடித்துக் கொண்டுபோயிருந்தேன்.

எழுந்தேன். போன தடவை பேசியதுபோல் வார்த்தை வரவில்லை.

"திரை வேண்டாம்," என்றேன். "மூடவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் அங்கேயே இருந்துக்கறோம்."

 சிட் எழுந்து மணிக்கோபுரப் பக்கம் நடந்தார். அவர் பின்னால், ஊராரோடு உட்கார்ந்திருந்த மணியடிப்பவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குருவானவர் தீர்மானத்தை வாசித்தார்; மேலே மணிச் சத்தம். என்ன வாசித்தார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

ஜூலை 2

வின்யார்ட் வேறு ஊர் ஆலயத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் ஏதோ சுவரில் ஒரு கால் தெரிகிறதாம். யாருடையதோ, பாவம்.

ஆகஸ்ட் 11 – ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு இப்ஸ்விச் நகரத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள். பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மாள் என்னிடம் வந்து, குடையால் மேலே காட்டி, அந்த விகாரமான ஒல்லிப் பெண்மணி யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து டோராவின் குரல்.

"அது மிஸ் ஹில்டா க்ரிம்வேட், இந்த ஆலயத்துப் பொறுப்பாளர். பக்கத்துல குண்டா நிக்கறது நான்."

அந்த அம்மாள் மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்ப மேலே பார்த்தார். பிறகு மரத்திரையையும் பாராமல் வெளியே போய்விட்டார்.

மதியம் 'கலப்பை'யில் சாப்பிட்டேன். ஜன்னலோர மேசை. மீன் கொஞ்சம் உப்பு, சொன்னேன். அவள் இல்லை என்றாள். அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று பேச்சு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், தூறலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.