நைனா கரையேறிய சாயங்காலம்

நைனாவுக்கு,

நேற்று சாயங்காலம் நாலு பத்துக்கு லோகேஷ் போன் செய்து, "பெரியப்பா கரையேறிட்டாருண்ணா, அவரு போனுதான் கடலோட பூடுச்சு" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம். உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் தேவலையா?

நேற்றுக் காலையில் வந்த புயல் எச்சரிக்கையைத் தமிழில் மொழிபெயர்த்து மீனவர் போன்களுக்கு அனுப்பியது எங்கள் ஆபீஸ்தான். அனுப்பும் பட்டனை அழுத்தியவன் நான். அதற்குள் நீங்கள் முகத்துவாரம் தாண்டிவிட்டதாக அம்மா சொன்னாள். மொழிபெயர்த்த ஹேமாவதி அக்கா, ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். லோகேஷ் சொன்னதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். உங்கள் மருமகள் சத்யா செத்தபோதுகூட வராத அழுகை.

"இன்னாடா, நைனா வந்ததுக்கா அயுவுற? மூஞ்ச கயுவிகினு வா, டீ ஆறுது" என்றார் அக்கா. சிரிப்பும் வந்துவிட்டது. கவலைப்படாதீர்கள்.

லோகேஷ் ஐதராபாத் வரும்போது கொஞ்சம் கருவாடும், சத்யாவின் போர்வையும் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர். போர்வையைத் துவைக்க வேண்டாம்.

சத்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து, எப்போது என்ன சேதி வருமோ என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேதான் படுப்பேன். இன்றைக்குத் தூக்கம் வருகிறது, நைனா. போனை அணைத்துவிட்டேன்.

தனசேகர்