வேட்பாளர்கள் ஐவருக்கும் மீசை

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகன் பிரவின்ராஜுக்கு,

கோமதியம்மன் துணையில் இங்கே நானும் உன் தங்கச்சி ப்ரியதர்ஷினியும் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் அதை என்னிடம் சொல்லாமல் ப்ரியாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். புனேயில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் நீ என்னிடம் ஒன்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற உன் அப்பாதான் பதில் சொல்லுகிறார். போன வாரம் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய், தேவலை என்று அவர் சொல்லிவிட்டார். தேவலை இல்லை மக்கா.

நம் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஆகிவிட்டதால் கவுன்சிலர் தேர்தலுக்கு உன் அப்பா என்னை நிறுத்தியிருப்பது உனக்குத் தெரியும். போஸ்டரில் அவர் முகம் தாம்பாளம் அளவு, ஓரத்தில் என் முகம் சாந்துப்பொட்டு அளவு. போன புதன்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில், வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து ஜனங்கள் கேள்வி கேட்கட்டும் என்று ரிட்டயர்டு வாத்தியார் தாவீது சார் ஒரு கூட்டம் போட்டார். ப்ரியாவின் காலேஜில் அதைப் போய்ப் பார்த்து, மனதில் பட்டதை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள், அவளும் பேனாவும் கையுமாக முன்கூட்டியே போய்விட்டாள். மேடையில் ஐந்து நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னாலும் வேட்பாளர் என்று ஓர் அட்டை. ஐந்திலும் ஐந்து வீட்டுக்காரர்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வேட்பாளர்களான நாங்கள் ஐந்து பொம்பளைகளும் கீழே முதல் வரிசையில். அது யாருக்கும் வித்தியாசமாகவே தெரியவில்லை. எனக்கு எதிராக நிற்கிற ஃபஹீமா பக்கத்தில் உட்கார்ந்து காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குத்தான் முதலில் நீட்டினாள்.

மேலே நடந்த கூத்தைக் கேள். ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. பொன்னாடை பற்றாமல் ஒருவர் தோளில் கிடந்ததையே உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். பிறகு ஆளாளுக்கு நான் ஜெயிச்சா, நான் கவுன்சிலர் ஆனா என்று ஒரே முழக்கம். ஃபஹீமாவின் வீட்டுக்காரர் முகம்மது இஸ்மாயில், அவளுக்காக எழுதி வைத்திருந்த பேச்சை அப்படியே எடுத்து, ஒரு தாயா, ஒரு பெண்ணா உங்க கஷ்டம் எனக்குத் தெரியும் என்று உருக்கமாக வாசித்தார். கூட்டம் கைதட்டியது. ஃபஹீமா சேவை மென்றுகொண்டே, அந்தாளு நல்லா வாசிக்காருல்லா என்றாள்.

அப்போதுதான் ப்ரியா எழுந்தாள். பூச்சந்தையில் உட்கார்ந்து விற்கிற பொம்பளைகள் காலையில் வந்தால் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்கமாட்டார்கள், குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதற்கென்று வியாபாரிகள் சங்கம் வசூல் பண்ணிக் கட்டிய கழிப்பறை, வர்ணம் அடித்து ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை எப்பத் திறப்பீங்க, சாவி யாருட்ட இருக்கு என்று கேட்டாள். மேடையே தொண்டையைச் செருமியது. உன் அப்பா மைக்கை வாங்கி, சாவி பரிசீலனையில் இருக்கிறது என்றார். வேட்பாளர்தான் பதில் சொல்லணும், நீங்க வேட்பாளர் இல்லையேப்பா என்று இவள் சொல்ல, ஏட்டி, உக்காருட்டி என்று மைக்கிலேயே கத்தினார்.

எனக்குத் தெரியும் மக்கா சாவி எங்கே என்று. சங்கச் செயலாளர் உன் அப்பாதானே. நான் ஜெயித்த பிறகு தன் கையால் ரிப்பன் வெட்டித் திறக்க வேண்டும் என்று நம் அடுக்களைக் காலண்டர் ஆணியில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார். தினமும் தேதி கிழிக்கும்போது என் கையில் இடிக்கும். வாயைத் திறந்தால் உன் அப்பா மானம் போகும், திறக்காவிட்டால் பெற்ற பிள்ளை அத்தனை பேர் முன்னால் பதிலுக்காக நிற்கிறாள். என்ன வந்தாலும் வரட்டும் என்று எழுந்து, சாவி எங்க வீட்லதான் கெடக்கு, எடுத்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டேன். மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

சாவியோடு நான் நடக்க, பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. திறப்பு விழா என்றால் விட்டுப்போகக் கூடாதே என்று பொன்னாடையோடு அந்த ஐந்து பேரும் வந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே உன் அப்பா! ஆளுயர ஃப்ளெக்ஸில் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார். தேர்தல் சாமான் எல்லாவற்றையும் அங்கேதான் அடுக்கியிருக்கிறார். பூக்கார மாலா வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணாச்சி உள்ள நின்னு கும்பிடுதாரு, நான் எப்படிக்கா போவேன் என்றாள். நான் உள்ளே போய் அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். ரிப்பனை யார் வெட்டுவது என்று வெளியே ஐந்து பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், ரிப்பனே இல்லை என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொம்பளைகள் அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். மாலா ஒரு செம்புத் தண்ணீரை வாய் வைக்காமல் கடகடவென்று குடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து உன் அப்பா ஓட்டலில் சாப்பிடுகிறார். எனக்கு ஓட்டுப் போடமாட்டாராம். நேற்று அவர் சந்தைப் பக்கம் போனபோது, என் பெயரைச் சொல்லி, முத்துத்தாய் வீட்டுக்காரரு வாராரு, வழி விடுங்கட்டி என்று பூக்காரிகள் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அந்தக் காலண்டர் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ப்ரியா எழுதியதை வாசித்துக் காட்டினாள். வேட்பாளர்கள் ஐவருக்கும் மீசை இருந்தது என்று ஆரம்பித்திருக்கிறாள். ஒரே ஒரு வேட்பாளர்தான் பேசினார், அவர் என் அம்மா என்று முடித்திருக்கிறாள்.

நீங்கள் இருவரும் நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்டுக்கு லீவு போட்டு வந்துவிடு, வீட்டில் ஒரு ஓட்டு குறைகிறது. இன்னொன்று. போன தடவை வந்தபோது காபியா டீயா என்று மருமகளைக் கேட்டேன், டீ என்று நீ சொன்னாய். அவள் அதைத் தொடவே இல்லை, நான் பார்த்தேன். இந்தத் தடவை அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
முத்துத்தாய்,
வேட்பாளர்.