துறையில் விட்டு வந்த பிள்ளை

நாம் தின் நகரம்,
இரண்டாம் மாதம், தேய்பிறை.

அன்பு மியேனுக்கு,

இங்கே நானும் லுவா அக்காவும் உன் வாத்துகளும் சௌக்கியம். எங்களைவிட வாத்துகள் கூடுதல் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் ராத்திரி உன்னைத் தூங்க விடுகிறாரா என்று எழுது. தைவானில் குளிர் குறைந்திருக்கும். இங்கே இன்னும் மாவு சலித்த மாதிரி தூறிக்கொண்டே இருக்கிறது, துணி காயவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாம் மாத நடுவில் ஒப்பந்தம் முடிகிறது, அந்த வீட்டார் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், 'உங்கள் இஷ்டம் எப்படியோ அப்படியே' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரி எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. முன்பு விமானம் ஏறினாயே, அப்போது என் இஷ்டத்தைக் கேட்டா ஏறினாய்? சரி, விடு. கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும், நீயும் படிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்வாய்.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். அட்டை வாங்கிப் போனில் சொல்லலாம் என்றால், சொல்லி முடிப்பதற்குள் அட்டை தீர்ந்துவிடும். நடுவில் நீ பேச்சையும் மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

லுவா அக்கா என்னை ஹுவாங் திக் குகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்லைத் தடவிப் பிள்ளை கேட்பதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பம்புசெட்டு ரிப்பேரு பண்றவன், ஒனக்கு எல்லாமே நட்டும் போல்ட்டும்தான். மியேனால வர முடியல, அவளுக்குப் பதிலா நீயாச்சும் வாடா" என்றாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் யார்? அவள் புருஷனே எப்போதோ கையைத் தூக்கிவிட்டான்.

துறையில் நெப் என்ற அம்மாவின் படகு கிடைத்தது. வெற்றிலை போட்ட வாய், துடுப்புப் பிடித்துத் தேய்ந்த கை, ஓயாத பேச்சு. ஓடை நெடுக இரண்டு பக்கமும் சுண்ணாம்பு மலை மூட்டத்துக்குள் நின்றது. மேலே ஏறும் படிகளில் கூட்டமான கூட்டம். குகை வாய்க்குள் இறங்கினால் ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. மேற்கூரைக் கல்லிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கப் பெண்கள் கிண்ணமும் கையுமாக அண்ணாந்து நின்றார்கள்.

எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. கல்யாணமே வேண்டாம் என்று அரண்மனையை விட்டு வந்து இந்தக் குகையில் தவமிருந்தவள் மூன்றாம் இளவரசி. அவள் சந்நிதியில் போய் நாம் பிள்ளை கேட்கிறோம். அக்காவிடம் சொன்னேன், முதுகில் ஒரு அடி விழுந்தது. ஆனால் பிற்பாடு நினைத்துப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போனவளின் மனசு அவளுக்குத்தானே தெரியும். கேட்க வேண்டியதை அவளிடம் கேட்பதுதான் சரி.

ஆண்பிள்ளைக் கல், பெண்பிள்ளைக் கல் இரண்டையும் சுற்றிப் பெண்கள்தான். நான் பிள்ளைக்கென்று வாங்கிய மிட்டாய்ப் பொட்டலத்தோடு முழித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி, "என்ன தம்பி, பொண்டாட்டிய வீட்டுல விட்டுட்டு நீயே பெத்துக்கப் போறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "பொண்டாட்டி தைவான்ல இருக்கா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பெண்பிள்ளைக் கல்லைத் தொட்டேன். எத்தனையோ பேர் கை பட்டு வழவழப்பாக, ஈரமாக இருந்தது. என்ன கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்டுவிட்டால் போதாது, கேட்ட பிள்ளையின் உயிரைக் கூடவே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டுமே. அக்கா பாடம் நடத்தினாள். வழி முழுக்கப் பேச்சுக் கொடுக்க வேண்டும், படகு ஏறும்போதும் இறங்கும்போதும் பஸ் மாறும்போதும் கூப்பிட வேண்டும், அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். வெட்கத்தை விட்டு, "வாம்மா, படி வழுக்கும், அப்பா கையப் புடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். முதல் பத்துப் படிக்கு நடிப்பாக இருந்தது. அப்புறம் எப்போது நடிப்பு போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. நம் வீட்டைப் பற்றி, வாத்துகளைப் பற்றி, உன்னைப் பற்றியெல்லாம் சொன்னேன். நெப் அம்மா என் பக்கத்து வெற்றுப் பலகையைப் பார்த்துவிட்டு, "மூணு பேரா? பாப்பாவ நடுவுல உக்கார வையி தம்பி, ஓரத்துல தண்ணி தெறிக்கும்" என்றாள்.

இதற்கு மேல்தான் நான் செய்த கூத்து. கரையில் இறங்கியதும் வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் என் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வண்டியில் வைத்துவிட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவனோடு சண்டை போட்டுப் பையை மீட்டு, அக்காவை பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறினேன். பாதி வழியில் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார். "ரெண்டு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பாவி, கொழந்தையக் கூப்பிட்டியாடா?" என்றாள். நான் கூப்பிடவில்லை.

"கல்லுதானே அக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. தூறல் நிற்கவில்லை. துறையில் அந்நேரம் யாருமே இருக்கமாட்டார்கள் என்ற நினைப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மியேன், நீ ஊரை விட்டுப் போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பினோமே, அன்றைக்கும் இதே மாதிரி தூறல்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அழுவதற்குத் துணையாகக்கூட நான் இருக்கவில்லை.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று, "அம்மாடி, அப்பா வந்துட்டேன், வா வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டேன். சிலர் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நெப் அம்மாதான் என்னை அடையாளம் கண்டு விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை. "அது எங்க தம்பி போயிரும்? நேத்துலேருந்து என் படகுலதான் உக்காந்திருக்கு. அம்மா வராம எறங்க மாட்டேங்குது. சிலது அப்படித்தான், அப்பங் கொரலு பழகியிருக்காது. அவள வந்து கூப்பிடச் சொல்லு, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாளோ, இல்லை என் மாதிரி மறதிக்காரர்கள் எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறாளோ, தெரியாது. நான் என் மழைச்சட்டையைக் கழற்றி நடுப்பலகைமேல் விரித்துவிட்டு, மிட்டாயையும் வைத்துவிட்டு வந்தேன். நனைந்துகொண்டே வந்ததில் ஜுரம். அதனால்தான் கடிதம் தாமதம். இப்போது தேவலை, அக்கா இஞ்சிக் கஞ்சி காய்ச்சி ஊற்றியே படுத்துகிறாள்.

கல்லிடம் என்ன கேட்டேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. பிள்ளை கேட்கத்தான் கையை வைத்தேன். வாயில் உன் பேர்தான் வந்தது. மியேன் வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டேன். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிர்ப்பக்கம் நீ இருக்க வேண்டும். பிள்ளை இல்லை என்று பேசும் ஊர் வாய்க்குப் பயந்துதான் நீ போனாய் என்று எனக்குத் தெரியும். ஊர் வாயை லுவா அக்கா பார்த்துக்கொள்வாள், அவள் வாய்க்கு முன்னால் ஊர் எம்மாத்திரம்.

அந்தப் பெரியவரின் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல், மனம் நோக வேண்டாம். மூன்றாம் மாதக் கடைசியில் திருவிழாக் கூட்டம் ஓய்ந்துவிடும். அப்புறம் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள் என்று நெப் அம்மா சொன்னாள். அதற்குள் நீ வந்து கூப்பிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து நேராகத் துறைக்கே போய்விடலாம்.

இளவரசி உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டால் இந்தத் தடவை மூன்று என்று சரியாகச் சொல்வேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
துவான்