அஞ்சடியில் எண்ணிய தலைகள்

ஈப்போ,
14.9.1986

என் அன்பு மகன் அர்ச்சுனனுக்கு,

மாரியம்மன் துணையால் எனக்கு இங்கே சுகக்குறைவு ஒன்றும் இல்லை, கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் இருக்கும் உனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் கம்பெனித் தொப்பி போட்டு எடுத்த படமும் கிடைத்தன. முகம் சிறுத்திருக்கிறது. மூன்று வேளையும் கடையில் மிஞ்சுகிற பொரித்த கோழியையே தின்னாதே தம்பி, வாரத்தில் இரண்டு நாளாவது சோறும் ரசமும் வைத்துச் சாப்பிடு. என் இருமல் நின்றுவிட்டது. தையல் வேலை குறைவுதான், புதுத் துணி தைக்கிறவர்கள் இல்லை, பழையதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறவர்கள்தான் வருகிறார்கள். மிச்ச நேரத்தில் நூலகத்துப் புத்தகங்கள் இருக்கின்றன, எனக்கு அது போதும்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நான் உனக்கு எண்ணி அனுப்பிய கணக்கு தவறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் முழுவதையும் படி.

உன் கம்பெனி ஈப்போவில் கடை திறக்க இடம் பார்க்கிறது, கௌஸ் அண்ணன் சாப்பாட்டுக் கடை நடத்தும் அந்த முனைக்கடைதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது, பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று கால்மணிக்கு ஒரு தடவை எழுதி அனுப்புங்கள் அம்மா, ஆள் நடமாட்டம் நன்றாக இருந்தால் கடை திறக்கும், என்னையே மேலாளராகப் போடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். வாடகை விழுந்து கிடக்கும் காலத்தில் இடம் பிடிப்பதுதான் வியாபாரம் என்றும் எழுதியிருந்தாய். சரியாகத்தான் இருக்கும். நானும் எதிர்வரிசையில் தையல் மிஷினோடு உட்கார்ந்து, ஆறு நாளும் தலைக்கு ஒரு கோடு போட்டேன். கௌஸ் அண்ணன் முதல் நாளே கேட்டார், என்ன தங்கச்சி, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறியா லா, அப்படின்னா என் பேரை முதல்ல எழுது, இந்தக் கடைய வெச்சிக்கிட்டு இருக்கவனுக்கு அங்கதான் இடம் என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். தினமும் மத்தியானம் ஒரு தேத்தண்ணீர் அனுப்பினார், காசு வாங்கவில்லை. அதைக் குடித்துக்கொண்டேதான் அவர் கடையைப் பறிக்கப்போகிற கோடுகளை நான் போட்டேன்.

நாளுக்கு அறுநூற்று நாற்பது என்று வந்தது. சனிக்கிழமையே சுத்தமாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கருப்பம்மாள் வந்தாள். உனக்கு நினைவிருக்காது, ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை பார்த்த உடையப்பனின் மனைவி. கையில் புருஷனின் நான்கு சட்டைகள், தன் தம்பிக்குப் பிடித்துத் தரச் சொன்னாள். உடையப்பன் நான் எண்ணிய அதே வாரம் புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்து இறந்துபோய்விட்டாராம், வியாழக்கிழமை மத்தியானம் எடுத்துவிட்டார்களாம். அப்புறம் அவள் சொன்னது, அக்கா, லம்பத்துலேருந்து ஒருத்தர்கூட வரல, என்னடான்னு விசாரிச்சா போன தீபாவளிக்கு முன்னயே அத மூடிட்டாங்களாம், பத்து மாசமா நான் தூக்குச்சட்டியில சோறு கட்டிக் குடுத்திருக்கேன், இவரு எங்கதான் போனாரு?

எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். இந்த அஞ்சடியில்தான் நடந்தார். மணிக்கூண்டுப் பக்கம் போவார், திரும்பி வருவார், மூடிய கடைகளின் கண்ணாடியைப் பார்ப்பார், மறுபடியும் போவார். வேலைக்குப் போகிறவரின் நடைதான், அதனால்தான் நானும் சந்தேகப்படவில்லை. அவள் போன பிறகு என் கைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். பொழுது போக வேண்டுமே என்று சில கோடுகளின் பக்கத்தில் அடையாளம் எழுதி வைப்பேன், குடைக்காரர், பச்சைச் சேலை என்று. வியாழக்கிழமை, ஒன்றேகால் மணி, ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில், பழுப்புச் சட்டை, தூக்குச்சட்டி. அந்தப் பழுப்புச் சட்டை அப்போது என் மடியில் கிடந்தது.

தம்பி, நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டபோது அவரைப் பார்த்தேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, அவர் நடந்தார். இல்லாவிட்டால், எண்ணிக்கை கூட வேண்டும், என் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசையில் வராத மனிதருக்கும் நான் கோடு போட்டேன். முதலாவதைவிட இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே கௌஸ் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, எனக்குத் தெரியாதா லா, கழுத்துல டை கட்டுனவன் ரெண்டு பேரு டேப் வெச்சு அளந்துட்டுப் போனப்பவே தெரியும், கடைக்குச் சொந்தக்காரத் தவுக்கேயும் வாடகைச் சீட்டப் புதுசா எழுத மாட்டேங்கிறான் என்றார். அப்புறம் கொஞ்சம் எரிச்சலாகவே, நீ எண்ணுன ஆளுங்க ஆளுக்கு ஒரு தே குடிச்சிருந்தா நான் ஏன் ரெண்டு மேசைய எடுத்து உள்ள போட்டிருக்கேன், புத்தகமெல்லாம் படிக்கிற, இது தெரியலியா என்றார். தெரிந்திருக்க வேண்டும். அவரும் உங்கள் மாதிரிக் கோழி பொரித்துப் பார்த்தார், முதல் வாரம் ஓடியது, பிறகு சாயங்காலமானால் அவரே தின்றார். பெரிய கடைத்தெருவில் போன வருஷம் திறந்த கோழிக் கடைக்கு முதலில் படி வரைக்கும் வரிசை நின்றது, இப்போது சம்பள நாளுக்கு மட்டும் கூட்டம், மற்ற நாளில் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு தட்டு வாங்கிக் குளிர்காற்றில் இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். வேலை போன இளவட்டங்கள் வண்டியில் பர்கர் சுடுகிறார்கள், வாங்குகிறவர்களும் வேலை போனவர்கள்தான். கூட்டம் இருக்கிறது, வியாபாரம் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் சிலிம் ரிவர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை இல்லை என்று சொன்ன பிறகும் ஜனங்கள் விடியற்காலையில் வாளியோடு பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள், பேர் கூப்பிட ஆளில்லை, வெளிச்சம் வந்ததும் வீடு திரும்பினார்கள். ஒரு மாதம் அப்படி நடந்தது. அன்று யாராவது அந்தக் களத்தில் தலையை எண்ணியிருந்தால் தோட்டம் நன்றாக நடக்கிறது என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான், இங்கே அதே தவறைச் செய்தேன்.

செவ்வாய் முதல் நேற்று வரை மறுபடியும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். ஒரு முகத்துக்கு ஒரு கோடுதான், அவர் எத்தனை தடவை நடந்தாலும். நாளுக்கு இருநூற்றுப் பதினொன்று. அதில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து, ஒரு பொட்டலமாவது கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் எழுபத்து நான்கு பேர். உன் மேலதிகாரியிடம் எழுபத்து நான்கு என்று சொல். பழைய கணக்கு ஏன் மாறியது என்று கேட்டால் எண்ணியவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொல்லிவிடு, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதைக் கொடுத்தால் கடை வராது, நீயும் இப்போதைக்கு வரமாட்டாய், அது எனக்குத் தெரியும். பழைய தாளை நம்பித் திறந்து ஆறே மாதத்தில் மூடினால், அப்புறம் நீயும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவாய். எங்கே போகிறாய் என்று கேட்கத் தெரியாதவளாக நான் இருந்துவிடுவேனோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருப்பம்மாளிடம் அவர் எங்கே நடந்தார் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைக் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

மழைக்காலம் வருகிறது, இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போ. தீபாவளிக்கு இரண்டு நாளாவது விடுப்புக் கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் மனம் வருந்தாதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், உன் கைபட்ட வேலை நிலைக்க வேண்டும். அறிக்கை கொடுக்க இருபத்தைந்தாம் தேதி கடைசி என்று எழுதியிருந்தாய், மறந்துவிடாதே. இன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் நிலையம் இல்லை. நாளை காலை கதவு திறக்கும்போதே போய் நின்று இதைப் பதிவுத் தபாலில் போட்டுவிடுவேன், மத்தியானம் வரைக்கும் கையில் வைத்திருந்தால் நான் போடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மாள்