கண்ணாடிப் பெட்டிக்குள் கூழாங்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? மறைக்காம எழுது.

நான் காவல் நிக்கிற அருங்காட்சியகத்துல, கணக்குப் போடும் கருவிகள் எப்படி வந்துச்சுன்னு காட்ட ஒரு கூடம் திறந்திருக்காங்க. முதல்ல கூழாங்கல், அப்புறம் மணிச்சட்டம், கடைசியில பல்சக்கர இயந்திரம். செங்கல் சூளையில நீ சுமக்கிற நடைக்கு ஒரு சின்னக் கல்லும், பத்து நடைக்கு ஒரு பெரிய கல்லும் மடியில போடுவியே, அதே கல்தான். பெருசும் சிறுசும் ஒண்ணாக் கொட்டி வெச்சு, 'மனிதர் என்றோ கைவிட்ட முறை'ன்னு பலகை வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"எங்கம்மா இன்னைக்கும் இப்படித்தான் எண்ணுறாங்க சார். பெரிய கல் பத்துக்கு, அதைத் தனியா வைக்கணும்"னு கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரிகிட்டச் சொன்னேன்.

அவர் சிரிச்சார். "கல்லுல என்னப்பா பெருசு, சிறுசு? நீ போய் கதவைப் பாரு."

யார் கைவிட்டாங்களாம்? மேஸ்திரி நோட்டு தப்பினப்பல்லாம் உன் மடிதானே சரியாச் சொல்லுச்சு? இவர் என்னைக்குச் சூளைப் பக்கம் வந்தார்?

பயப்படாதே, வேலை போகலை. நான் அவரை முறைச்சதோட சரி.

இந்தப் பக்கம் யாராவது வந்தா, உன் கல்லுல ஒண்ணு கொடுத்தனுப்பு. இங்க இருக்கிறதைத் தொட முடியாது. யாரும் தொடாம பார்த்துக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மணி அடிச்சாச்சு, கதவு திறக்கணும்.

உன் மூத்தவன்